மேசைக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 29 வருடம் வேலை பார்த்தேன். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ். ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்ததுதான் அதில் பாதி. இந்த மாதக் கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: நம்மை எப்படிக் காட்டிக்கொள்வது, எதுவரை காட்டிக்கொள்வது?

*நான் பி.இ. மெக்கானிக்கல். படிப்பு முடிந்ததும் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் இரண்டு வருடம் எங்கள் கைலித் தறிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது வேலை தேடுகிறேன். பயிற்சி மையத்தில் அந்த இரண்டு வருடத்துக்கு ‘ஃப்ரீலான்ஸ் டிசைன் புராஜெக்ட்’ என்று போடச் சொல்கிறார்கள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாமே?*
— வாசகர், குடியாத்தம்

தம்பி, எல்லாரும் செய்கிறார்கள் என்பது கிட்டத்தட்ட உண்மைதான். அமெரிக்காவில் லெவஷினா, காம்பியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலை தேடும் கல்லூரி மாணவர்களிடம் இதை விசாரித்து 2007-ல் வெளியிட்டார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நேர்முகத்தில் ஏதாவது ஒரு விதத்தில் பூசி மெழுகியிருந்தார்கள். கொஞ்சம் மெருகேற்றுவது, வேண்டாததை விட்டுவிடுவது, எதிரே இருப்பவரைக் குளிர வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. முழுப்பொய் என்று பார்த்தால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடும். நீங்கள் கேட்பது அந்த முழுப்பொய்யைப் பற்றி. வேண்டாம்.

பொய்யின் சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். ஒரு பையன் எட்டுப் பேருக்கு டீம் லீடராக இருந்ததாக எழுதிக்கொண்டு வந்தான். சட்டை இஸ்திரி கலையவில்லை, பேச்சு தண்ணீர் மாதிரி வந்தது. “அந்த எட்டுப் பேரில் அடிக்கடி லேட்டாக வருகிறவர் யார்? அவரை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். எட்டுப் பேரை மேய்த்தவனுக்குக் கேட்டவுடன் ஒரு முகம் ஞாபகம் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். இவனுக்கு எதுவும் வரவில்லை. “எல்லாரும் நல்ல ஒத்துழைப்பு மேடம்” என்றான்.

அதே நாள் மத்தியானம் இன்னொரு பையன் வந்தான். ஒன்றரை வருடம் மாமாவின் செருப்புக் கடையில் இருந்திருக்கிறான். அதைச் சொல்லவே கூச்சம், குரல் இறங்கிப் போனது. “கடையில் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “மழை ஆரம்பிச்சா சோல் பிரிஞ்சு திரும்பி வரும் மேடம். ஒரே கம்பெனி ஜோடிதான் அதிகமா வரும். நான் நோட்டுல மாடல் நம்பர் எழுதி வச்சேன். பசை சரியா காயறதுக்கு முன்னாடி அட்டைப் பெட்டியில போட்டுடறாங்கன்னு நெனைக்கறேன்” என்றான். எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் மூன்று மாதம் பழகியவர்கள்கூட அப்படி ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.

உங்கள் இரண்டு வருடத்தில் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நூல் விலை ஏறியபோது என்ன செய்தீர்கள்? பாவு அறுந்து தறி நின்ற நாட்கள் எத்தனை? சனிக்கிழமை கூலிக்குப் பணம் எங்கிருந்து புரட்டினீர்கள்? வியாபாரி கழித்துவிட்ட கைலிகளை என்ன செய்தீர்கள்? இதெல்லாம் உற்பத்தி மேலாண்மை. மெக்கானிக்கல் படித்தவர் தறியில் ஏதாவது ஒரு கோளாறைச் சரி செய்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ரெஸ்யூமில் “குடும்பக் கைத்தறித் தொழில், பொறுப்பு” என்று வருடம் போட்டு எழுதுங்கள். அப்பாவின் உடல்நிலையை ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். அதை நீட்டினால் எதிரே இருப்பவர் பரிதாபப்படுவார், உங்கள் வேலையைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவார்.

*போன கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாமா? இரண்டு மாதம் மட்டும் வேலை பார்த்த இடத்தை மறைக்கலாமா?*
— வாசகர், ஆற்காடு

சம்பளச் சீட்டு கேட்பார்கள், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யூ.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) எங்கே எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கும். “இவ்வளவு எதிர்பார்க்கிறேன், காரணம் இது” என்று நேராகக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாத வேலையை ஏன் விட்டீர்கள் என்பதற்கு உண்மையான ஒரு வரியைத் தயாராக வைத்திருங்கள், போதும்.

*தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தேன். ‘செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்’ மனப்பாடம் செய்து போனேன். மூன்றாவது வரியில் மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். தலை நிமிரவே முடியவில்லை. எனக்கு ஆபீஸ் வேலை சரிப்படாதா?*
— வாசகி, பேர்ணாம்பட்டு

அம்மா, நீங்கள் மறந்துபோன அந்த மூன்றாவது வரி என்னவென்று எனக்குத் தெரியும். “ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக்.” ஒரு கல்லூரியில் ஒரே நாளில் நாற்பது பேரிடம் அதைக் கேட்டிருக்கிறேன். பத்துப் பேருக்கு மேல் அது காதில் விழாது. அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் தண்ணீர் குடிப்போம், அடுத்த பைலைப் புரட்டுவோம். நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை.

மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நிஜமாகத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி ஆறு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு கொள்முதலை எப்படிப் பதிவீர்கள், ஜி.எஸ்.டி.யை எங்கே காட்டுவீர்கள், கணக்கு இடித்தால் எங்கே தேடுவீர்கள், இப்படி. வீட்டில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மா கேட்கட்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எங்கே திக்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அறையில் வார்த்தை வரவில்லையா, “ஒரு நிமிஷம் சார், யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லலாம். “தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் சொல்லட்டுமா?” என்றும் கேட்கலாம். கேட்கத் தெரிந்த பெண் என்றுதான் நான் குறித்துக்கொள்வேன்.

தலை நிமிராதது பற்றி. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தி நிற்பதுதான் மரியாதை என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பயம் என்றோ, தெரியாமல் முழிக்கிறாள் என்றோ படித்துக்கொள்கிறார். தப்பாகப் படிப்பது அவர். ஆனால் வேலை உங்களுக்கு வேண்டும். அதனால் கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தொடங்குங்கள், முடிக்கும்போது இன்னொரு முறை பாருங்கள். நடுவில் கண் எங்கே போனாலும் சரி. பைலை மடியில் வைத்துக்கொண்டால் கைக்கு ஒரு இடம் கிடைக்கும்.

*தாடி வைத்திருக்கிறேன். நெற்றியில் விபூதியும் உண்டு. இன்டர்வியூவுக்கு எடுத்துவிட்டுப் போ என்று அண்ணன் சொல்கிறார். மனம் ஒப்பவில்லை.*
— வாசகர், வேலூர் கொசப்பேட்டை

வேலூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். நம் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 விடியற்காலையில் நடந்தது நினைவிருக்கிறதா? சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று மதராஸ் ராணுவம் உத்தரவு போட்டது. அந்தத் தலைப்பாகை அவர்களை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று தோல் தொழிலில் காலம் கழித்த நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பொறி அங்கேதான் விழுந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அப்புறம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவன் நெற்றியிலும் முகத்திலும் வைத்திருப்பது வெறும் அலங்காரம் இல்லை என்பது இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும்.

விபூதி இருக்கட்டும். தாடி இருக்கட்டும், ஒழுங்காக வெட்டிச் சீவியிருந்தால் போதும். முகக்கவசம் சரியாகப் பொருந்த வேண்டிய இடத்திலும், சமையல், மருந்து மாதிரி சுத்தம் பார்க்கும் இடத்திலும் தாடிக்கு விதி இருக்கும். அது வேலையின் தேவை. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த ஷூ. வேலூர் வெயிலில் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்னால் வந்துவிட்டால் வியர்வை அடங்கும்.

*எம்.பி.ஏ. படிக்கிறேன். ‘இம்ப்ரெஷன் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு பாடம், நம்மைப் பற்றி அடுத்தவர் மனதில் என்ன பதிய வேண்டும் என்று பார்த்து நடந்துகொள்வது. படிக்கப் படிக்க எல்லாமே நடிப்பு என்று தோன்றுகிறது. நேர்மையாக இருக்க நினைக்கிறவர் இதை எப்படி எடுத்துக்கொள்வது?*
— மாணவி, காட்பாடி

அந்தப் பாடத்தின் வேர் எர்விங் காஃப்மன் என்ற கனடாக்காரரிடம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் ஒரு விவசாயக் கிராமத்தில் தங்கி, மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1956-ல் அதைப் புத்தகமாக்கினார். அதில் ஒரு ஓட்டல் கதவு வரும். சமையலறைக்கும் விருந்தாளிகள் இருக்கும் பக்கத்துக்கும் நடுவில் உள்ள கதவு அது. தட்டு தூக்குகிற பெண்களுக்கு அது திறந்தே இருக்க வேண்டும். உள்ளே நடப்பது தெரிந்தால் மானம் போகும் என்று நடத்துகிறவர்களுக்கு அது மூடியே இருக்க வேண்டும். தினம் தினம் கோபமாக அறைந்து மூடுவதும் தள்ளித் திறப்பதுமாக அந்தக் கதவு படாதபாடு படும்.

நம் பழைய வீடுகளில் திண்ணை உண்டு, பின்கட்டு உண்டு. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர் பின்கட்டில் பனியனோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். இரண்டு இடத்திலும் அவர் அவர்தான். திண்ணைக்கு வரும்போது துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. வந்தவருக்குக் கொடுக்கும் மதிப்பு அது. பின்கட்டில் இருப்பதை இல்லை என்று சாதிக்கும்போதுதான் விஷயம் கெடுகிறது.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வாரம் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம், முதலுதவிப் பெட்டியை நிரப்புவோம், கழிப்பறையில் சோப்பு வைப்போம். அதுவரை சரி. ஆனால் “ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்” என்று தையல் வரிசைப் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். சோப்பு வைத்தது துண்டைத் தோளில் போட்டுக்கொண்ட மாதிரி. ஓவர்டைமை மறைக்கச் சொன்னது அப்படி இல்லை. அந்தப் பெண்களின் உழைப்பையே இல்லாமல் ஆக்கினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

*ஒரு மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன். எட்டு மணி நேரம் சிரித்த முகம். வீட்டுக்கு வந்தால் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன்.*
— வாசகி, வேலூர்

ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-ல் எழுதினார். சிரிப்பும் ஒரு உழைப்புதான், சம்பளத்துக்கு விற்கப்படுகிறது, அதனால் ஆள் தேய்கிறார் என்றார். உங்கள் உடம்பு சொல்வது அதைத்தான். உங்களிடம் குறை எதுவும் இல்லை.

மேற்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ரிப்போர்ட் கட்டோடு வந்து, மருத்துவமனை தெருக்களில் வங்காள எழுத்துப் பலகையைத் தேடிப் போய் லாட்ஜ் பிடித்துத் தங்குகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்களுக்கு உங்கள் சிரிப்பைவிட உங்கள் நிதானம்தான் தேவை. எந்த அறை, எத்தனை மணி, எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்த இடத்தில் சிரிப்பு தானாக வந்தால் வரட்டும். கூட்டம் அதிகமான நேரத்துக்குப் பிறகு பத்து நிமிடம் கவுன்டரிலிருந்து எழுந்து பைல் வேலை பார்க்க விடும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் முகம் கழுவுங்கள். “அம்மாவுக்குப் பத்து நிமிஷம்” என்று பிள்ளையிடமே சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கு அது புரியும்.

*வேலை செய்வது நான், பேர் வாங்குவது பக்கத்து சீட்டுக்காரர். மேனேஜர் வரும் நேரம் பார்த்து போனில் சத்தமாகப் பேசுவார், மாலை ஏழு மணிக்கு நாற்காலியில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். எனக்கு அந்த மாதிரி வராது.*
— வாசகர், வாலாஜாபேட்டை

ஐயா, அந்த மாதிரி வர வேண்டாம். ஆனால் நீங்கள் செய்கிறது தானாகத் தெரிந்துவிடும் என்று காத்திருப்பதும் சரியில்லை. எங்கள் அனுப்புகைப் பிரிவில் ஒருவர் இருந்தார். பேசவே மாட்டார். ஒவ்வொரு கன்டெய்னர் கிளம்பும் முன்னும் பேக்கிங் லிஸ்டையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிவரியாக இறக்கிச் சரிபார்ப்பார். அட்டைப்பெட்டி எண்ணிக்கை இடித்தால் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். கிடங்குக்கு நடந்து போய் எண்ணிவிட்டு வந்து வட்டத்தை அழித்துவிடுவார். அழித்துவிட்டதால் அங்கே ஒரு தப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார். அந்த வாரம் பெட்டிக் கணக்கு இடித்து ஒரு கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் நின்றுபோனது. “இதுவரை இதை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?” என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார். அங்கே இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர் பெயரை நான்தான் சொன்னேன், அதுவும் அவர் கிடங்குக்கு நடந்து போவதை என் ஜன்னல் வழியாகப் பார்த்ததால்.

அந்தப் பென்சில் வட்டத்தை அழிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு வரி மின்னஞ்சல்: இந்த வாரம் முடிந்தது, இடித்தது, சரி செய்தது, அடுத்த வாரம் வேண்டியது. பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம், அது கணக்கு ஒப்படைப்பது. உதவியவர்கள் பெயரையும் அதில் எழுதுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் செய்திருந்தால் அவர் பெயரையும்தான். அவரைப் பற்றி மேனேஜரிடம் புகார் சொல்லப் போகாதீர்கள். போனால் பேச்சு உங்கள் வேலையை விட்டு உங்கள் பொறாமைக்குத் தாவிவிடும்.

*சிறிய ஷூ மேல்பாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன், 40 பேர். பேச்சில் அசத்துகிறவர்களை எடுத்து ஏமாந்துபோகிறேன். ஆளை எடை போடுவது எப்படி?*
— வாசகர், ஆம்பூர்

எடை போடத் தெரியும் என்று நானும் வெகுநாள் நம்பினேன். நான் சேர்ந்து சில வருடம் ஆன சமயம். ஒரு பெண் தையல் வேலைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்து முணுமுணுத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். “தன்னம்பிக்கை இல்லை” என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கத்துத் தொழிற்சாலையில் பேச்சே கேட்காமல் மிஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அங்கே போனபோது பார்த்தேன், ஒரு வரிசைக்கே அவள்தான் பொறுப்பு. வளைவில் தையல் போடும்போது பெடலிலிருந்து காலை எடுக்காமலே வேகத்தைக் குறைத்தாள். தையல் விளிம்பிலிருந்து ஒரு நூல்கூட விலகவில்லை. தலைப்பைச் சுற்றிய அந்த விரல்களைத்தான் நான் பார்த்தேன், அவற்றுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அவளிடம் போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தோன்றியதைக் கேட்டுப் பேசும் நேர்முகத்தைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது ஆளைச் சரியாகக் காட்டியது. செய்யப்போகும் வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் அப்படித்தான். உங்கள் யூனிட்டுக்கு இது சுலபம். ஐந்து கேள்வியை முன்பே எழுதிவைத்து, வருகிற ஒவ்வொருவரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். பதில் வந்தவுடன் மதிப்பெண் போட்டுவிடுங்கள், கடைசியில் ஞாபகத்திலிருந்து போட வேண்டாம். பிறகு ஒரே அளவுத் தோல், ஒரே நூல், ஒரே மிஷின். முதல் பத்து நிமிடம் பழக விடுங்கள், புது மிஷினில் யாருக்கும் கால் உதறும். அதற்குப் பிறகு தைப்பதை மட்டும் பாருங்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்க வேண்டாம். தைத்ததை யார் தைத்தது என்று தெரியாமல் எண் போட்டு அவரிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லுங்கள்.

சோதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அரை நாள் கூலி கொடுத்துவிடுங்கள். அவர்கள் தைத்த அந்த ஜோடியை நீங்கள் விற்கத்தானே போகிறீர்கள்? எடுக்காதவர்களுக்கும் இரண்டு நாளில் போன் செய்து சொல்லுங்கள். வாணியம்பாடியிலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் அந்த போனுக்காகத்தான் வீட்டில் காத்திருப்பார்கள்.